டெல் என்கிற சொல்லும் பகவதியின் வாயும்

ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பகவதி உட்கார்ந்திருந்தாள். உள்ளே கணக்கு டீச்சர் முடித்துவிட்டு வந்ததும் அவள் போய் டெமோ கிளாஸ் எடுக்கவேண்டும், எடுத்துக் காட்டினால் இந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, இல்லையென்றால் அண்ணன் இசக்கிராஜ் பேசி வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காமல் ஆதார் கார்டை நகல் எடுத்துக்கொண்டு கிடக்கலாம். அவ்வளவுதான் விஷயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மனசு கேட்டால்தானே. மனசுக்கு என்ன, அதற்கு நாக்கா உதடா, அது பாட்டுக்கு எங்கேயும் தட்டாமல் ஓடும், உள்ளுக்குள் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டால் சங்கரன்கோவில் முக்கில் மைக் கட்டி முழங்குகிறவன்கூட வாயடைத்து நிற்பான். வெளியே வரும்போதுதான் எளவு, ப-வில் ஆரம்பிக்கிற சொல் என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், ட-வில் ஆரம்பித்தால் நாக்கு மேலே போய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். திக்குவாய். ஊரே சொல்லியாச்சு, நாமும் ஒரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதுவும் முதல்வர் மெர்சி மேடம் நேற்று போனில் கொடுத்த பாடத்தைப் பாருங்களேன், பேசுவதைக் குறிக்கிற வினைச்சொற்கள், சே, ஸ்பீக், டாக், டெல். "முக்கியமா அந்த டெல்லை நல்லா விளக்கிடுங்கம்மா, பிள்ளைங்க எல்லாம் அதைத்தான் தப்பு தப்பா எழுதுதுங்க" என்றார் மேடம். உலகத்தில் ஓடுவது இருக்கிறது, ஆடுவது இருக்கிறது, ஈட் இருக்கிறது, ஓப்பன் இருக்கிறது, அத்தனையையும் விட்டுவிட்டு டெல்லாம். இவளும் "ம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

காலையில் பைக்கில் கொண்டுவந்து விட்ட அண்ணன் கேட்டுக்குள் நுழையும் முன்னாலேயே பாடம் எடுத்துவிட்டான். "ஏட்டி, உள்ள போயி வாயக் கொடுத்து மாட்டிக்கிடாத. சிரிச்ச மூஞ்சியா இரு, கேட்டா தலைய ஆட்டு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்." நல்லவன்தான். அவனுக்குத் தங்கச்சி பேரில் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அவனோடு இருந்து இருந்தே இவள் பேச்சு பாதி செத்தது, இவள் ஒரு சொல்லைத் தொடங்கினால் அவன் முடித்துவிடுவான், டாக்டரிடம் இவள் வயிற்றுவலியை அவன் சொல்வான், ஜவுளிக்கடையில் இவள் கலரை அவன் சொல்வான். அவன் இல்லாத இடத்தில் இவளுக்கென்று ஒரு வித்தை இருந்தது. ஒரு சொல் மறித்தால் பக்கத்துச் சொல் வழியாகச் சுற்றிப் போய்விடுவது. கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடுவாள், எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது, வாய்க்குள் வரப்போகிற வாக்கியத்தில் நாலு சொல் தள்ளி நிற்கிற ப-வை இவள் இங்கேயே மோப்பம் பிடித்துவிடுவாள், பிடித்ததும் வழியை மாற்று. இந்த வித்தைக்குத் தந்த விலை கொஞ்சமா நஞ்சமா. பரோட்டாவுக்கு நாக்கு ஊற ஊற ஹோட்டலில் உட்கார்ந்து இட்லி என்று கேட்டுத் தின்றவள் இவள், இ-வுக்கு உதடும் வேண்டாம் நாக்கும் வேண்டாம், மாவு மாதிரி வழிந்து வந்துவிடும். பாளை பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் கேட்க முடியாமல் தள்ளியிருக்கிற ஐகிரவுண்டு ஸ்டாப்பைக் கேட்டு இறங்கி மொட்டை வெயிலில் நடந்திருக்கிறாள். அதெல்லாம் போகட்டும், இட்லியும் சோறுதான், நடந்தால் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் பேர்? சொந்தப் பேருக்குப் பக்கத்துச் சொல் எது? ஒரு மனுஷிக்கு ஒரே பேர்தானே இருக்கிறது, அதுவும் ப-வில் ஆரம்பிக்கிறது, அம்மா தெரிந்தா வைத்தாள்.

கல்லூரி முதல் நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சிரித்துக்கொண்டு "உன் பேரு என்ன?" என்று கேட்டாள், நல்ல பிள்ளை, கையில் முறுக்கு வைத்திருந்தது, ஒன்றை இவளிடம் நீட்டிக்கொண்டே கேட்டது, இவளுக்கு உதடு ஒட்டிக்கொண்டது. ஒட்டினது ஒட்டினதுதான். அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல மெல்லக் குழம்பி, என்ன இது பேரைக் கேட்டால் முழிக்கிறாள் என்று ஆகும் அந்த நொடி இருக்கிறதே, அது இவளுக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்து எத்தனை முகத்தில் பார்த்திருக்கிறாள், அதை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு அன்றைக்கு இல்லை. "உஷா" என்று சொல்லிவிட்டாள். எங்கேயிருந்து வந்தது அந்த உஷா? கடைத்தெருவில் எங்கோ பார்த்த தையல் மெஷின் போர்டாக இருக்கும். அவ்வளவுதான், மூன்று வருஷம் உஷா. ஹாஸ்டலில் உஷா, கேன்டீனில் உஷா, அந்தப் பெண் கல்யாணப் பத்திரிகையில்கூட அன்புள்ள உஷா. வருகைப் பதிவில் பகவதி என்று கூப்பிட்டால் இவள் குனிந்துகொண்டு கையைத் தூக்குவாள், கூப்பிட ஒரு பேர், சர்டிபிகேட்டில் ஒரு பேர் என்று வகுப்புத் தோழிகளிடம் ஒரு கதையைக் கட்டிவிட்டாள். ஒருநாள் அம்மா அரிசி முறுக்கும் அதிரசமும் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் வாசலில் வந்து நின்று "எம் மவ பகவதியக் கூப்பிடுங்க தாயி" என்று கேட்க, புது வார்டனும் வேறு வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரும் அப்படி யாரும் இங்கே இல்லையே என்று சொல்ல, வெயிலில் அம்மா நின்ற நிலை இருக்கிறதே. விஷயம் தெரிந்ததும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பெத்தவ வச்ச பேரு கசந்துபோச்சாக்கும் ஒனக்கு" என்று மட்டும் கேட்டாள். இல்லைம்மா, கசக்கவில்லை, வரவில்லை, வாயில் வரவில்லை என்று சொல்லவேண்டும், சொல்ல ஆரம்பித்தால் பேரிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். அம்மா அது வெட்கம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கதவுக்குள்ளே கணக்கு டீச்சர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார், எக்ஸ் ஒரு பக்கம் ஒய் ஒரு பக்கம். எவ்வளவு சுலபமாகக் கத்துகிறார், கத்துவதற்கு ஒரு பயிற்சியும் இல்லாமல், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. பகவதிக்கு டெல் பேரில் மறுபடியும் புத்தி போனது. வராத சொல்லைப் பற்றித்தான் அவள் அதிகம் படித்திருக்கிறாள், வருகிற சொல் வந்துவிடுகிறது, அதைப் பற்றி என்ன படிக்க, வராதது எதனால் வரமாட்டேன் என்கிறது, அது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு நோண்டுவாள், எதிரியின் குலம் கோத்திரம் பார்க்கிற மாதிரி. டெல் பழைய இங்கிலீஷ். ஆதியில் அதற்குச் சொல்வது மட்டும் வேலை இல்லை, எண்ணுவதும் வேலை. ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாலும் அந்தச் சொல்தான், நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாலும் அந்தச் சொல்தான். ஜெர்மன்காரனிடம் இன்றைக்கும் எண்ணுவதற்கு ஒன்றும் கதை சொல்வதற்கு ஒன்றுமாக இதன் அக்கா தங்கச்சிகள் இருக்கிறார்கள். பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டு எண்ணுகிறவருக்கு டெல்லர் என்று ஏன் பேர், அவர் என்ன கதையா சொல்கிறார்? எண்ணுகிறார். டாக் என்கிற சொல்லும் இந்த வீட்டிலேயே பிறந்ததுதான். ஸ்பீக் முன்னே ஒரு காலத்தில் ர சேர்த்து ஸ்ப்ரீக் என்கிற ஜாடையில் இருந்து, அந்த ர எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்திக்கு அந்த ர வராமல் போயிருக்கும் என்று பகவதி நினைத்துக்கொள்வாள், நினைத்துச் சிரித்துக்கொள்வாள். சே என்றால் போதும், சுவரைப் பார்த்துச் சொன்னாலும் சே. டெல்லுக்கு அது போதாது, எதிரே ஆள் வேண்டும், ஆள் முகத்தைப் பார்த்து அவரிடம் கொண்டு சேர்க்கவேண்டும், பொய்யைச் சொன்னாலும் டெல், உண்மையைச் சொன்னாலும் டெல், மணி பார்த்துச் சொன்னாலும் டெல், இரட்டைப் பிள்ளைகளில் எது பெரியது எது சின்னது என்று கண்டுபிடித்தால் அதுவும் டெல். இவ்வளவு தெரியும். இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இவ்வளவு தெரிந்திருக்காது, தெரிந்து என்ன பிரயோசனம், அந்த ஒரு சொல்லை வாயைத் திறந்து சொல்லத் தெரியவேண்டுமே. கணக்கு டீச்சர் வெளியே வந்து "போங்க மிஸ்" என்றார்.

உள்ளே கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு மெர்சி மேடமும் தாளாளர் தங்கத்துரையும் உட்கார்ந்திருந்தார்கள், தங்கத்துரை வெள்ளை வேட்டி சட்டையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அரைமணி நேரம் வாழ்த்திப் பேசுகிற மனிதர், ஊரே அறியும். பகவதி ஒரு ஏற்பாட்டோடு வந்திருந்தாள். கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் திக்காது. இது எப்படி என்று எந்த டாக்டருக்கும் முழுசாகத் தெரியாது, ஆனால் திக்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், பாட்டுப் பாடினால் திக்காது, பத்துப் பேரோடு ஒரே குரலில் படித்தால் திக்காது, அதனால்தான் சின்ன வயசில் வாய்ப்பாடு சொல்கிற நேரம் மட்டும் அவளுக்குச் சொர்க்கம். ஆகவே சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, கையை ஓங்கி இறக்கி, "ஆல் டுகெதர்" என்று அவள் ஆரம்பிக்கவும் நாற்பது பிள்ளைகளும் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி "சே! ஸ்பீக்! டாக்! டெல்!" என்று கத்தினார்கள், கூடவே அவளும் கத்தினாள், வந்தது, அட டெல் வந்தது, வெண்ணெய் மாதிரி வந்தது. மறுபடியும் கையை ஓங்கினாள். டெல் மீ. டெல் ஹிம். டெல் அஸ். டெல் த ட்ரூத். அப்பாடா, எத்தனை டகரம், ஒன்றில்கூட முட்டவில்லை, நாற்பது பேர் குரலுக்கு நடுவில் அவள் குரலும் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் மெர்சி மேடம் தலையாட்டுகிறார், தங்கத்துரை சபாஷ் என்கிற பாவனையில் விரலைத் தொடையில் தட்டுகிறார். இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் மணி அடித்துவிடும். வேலை கிடைத்துவிடும். கிடைத்தால் நாளைக்கும் இதே மாதிரி, அடுத்த வருஷமும் இதே மாதிரி, பிள்ளைகளைக் கத்தவிட்டுக் கத்தவிட்டு அவர்கள் சத்தத்துக்குள்ளே ஒளிந்துகொண்டு, ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லாமல், இன்னொரு உஷாவாக ரிட்டையர் ஆகும் வரைக்கும் ஓட்டிவிடலாம். இன்னொரு உஷாவா, அது வேண்டாம். ஆனாலும் கை ஓங்கியது, வேலை வேண்டுமே.

அப்போதுதான் இரண்டாவது வரிசையில் ரிஸ்வானா என்கிற பெண் எழுந்து நின்றது. "மிஸ், சே-ன்னாலும் சொல்றது, டெல்-ன்னாலும் சொல்றதுதான். அப்ப எதுக்கு மிஸ் ரெண்டு?" அடி என் கண்ணே, எவ்வளவு நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்காக எத்தனை ராத்திரி அகராதியோடு கிடந்திருக்கிறாள், பதில் நெஞ்சு நிறைய நிற்கிறது, இதைக் கோரஸாகச் சொல்ல முடியாது, தனியாகத்தான் சொல்லவேண்டும், அதுவும் எந்தச் சொல்லில் ஆரம்பிக்கவேண்டுமோ அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கவேண்டும். வாயைத் திறந்தாள். நாக்கு மேலே போய் ஒட்டியது. ஒட்டிக்கொண்டது. மூச்சு நெஞ்சில் நிற்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் இமை அவளைக் கேட்காமல் துடிக்கிறது, இந்த மாதிரி நேரத்தில் நேரம் என்கிற ஒன்று இருக்காது, சின்ன வயசில் வசம்பைச் சுட்டுக் கரைத்து நாக்கில் தேய்த்துவிட்ட கசப்பு இப்போது ஊறுகிறது, பிள்ளைக்குப் பேச்சு வரட்டும் என்று தேய்க்கிற அந்த மருந்தின் பேரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், பேர் சொல்லாதது என்றுதான் சொல்வார்கள், அப்பவே அவளுக்குச் சிரிப்பு, பேச்சுக்கு மருந்து, அதுக்கே பேரைச் சொல்லக்கூடாதாம். கையில் சாக்பீஸ் இருந்தது. திரும்பி எழுதிப் போட்டுவிடலாம். அழகாக எழுதுவாள், எழுதினால் ஒருத்தரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கடைசிப் பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்தான், பக்கத்தில் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மெர்சி மேடத்துக்குப் பொறுக்கவில்லை, இரக்கப்பட்டு அங்கிருந்தே "டெல், டெல்" என்று எடுத்துக் கொடுத்தார், பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்று "டெல் மிஸ், டெல் மிஸ்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அங்கேதான் பகவதிக்குச் சுள்ளென்று ஏறியது. பிறந்ததிலிருந்து ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து இவள் வாயில் இவள் சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

"இருங்க மேடம். அது என் வார்த்தை, நானே சொல்லிக்கிடுதேன்." அது வழுக்கிக்கொண்டு வந்தது, ஆச்சரியம்தான். சிரித்தவனைப் பார்த்தாள். "சிரிச்சு முடிச்சிட்டியாடே? இல்லன்னா முடி. அவசரமில்ல, நான் நிக்கேன்." அவன் முடித்துவிட்டான். ரிஸ்வானாவின் முகத்தைப் பார்த்தபடி மறுபடியும் வாயைத் திறந்தாள், சுற்றுவழியில் போகவில்லை, நேரே ட-வில் போய் முட்டினாள். டெ, டெ, டெ, டெ. இமை துடிக்கட்டும். கழுத்து புடைக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், காசா பணமா. டெ, டெ, டெல். "டெ, டெல்லுன்னா எண்ணுறதும்தான்மா" என்றாள். ஆடு எண்ணுகிற கதையைச் சொன்னாள், பேங்கில் நோட்டு எண்ணுகிறவர் கதையைச் சொன்னாள், ஒன்று விடாமல் ஒவ்வொன்றாக எடுத்து எதிரே இருக்கிற ஆள் கையில் கொடுக்கிற மாதிரி சொல்வதுதான் அது, சும்மா காற்றில் விட்டுவிட்டுப் போவதற்கு சே போதும் என்று சொன்னாள். வழியெல்லாம் திக்கியது. ப-வில் நின்றாள், ட-வில் நின்றாள், ஒரு இடத்தில் த-கூடக் காலை வாரியது, நின்ற இடத்தில் எல்லாம் நின்று, சொல் வந்த பிறகு மேலே போனாள். ரிஸ்வானா வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. "அப்ப எங்க வாப்பா கடையில சில்லறை எண்ணுறதும் டெல்லா மிஸ்?" "ஒரு கா, காலத்துல ஆமா" என்றாள். அந்தப் பிள்ளை உட்காரும்போது முகத்தில் ஒரு பரிதாபமும் இல்லை, விடை கிடைத்த திருப்தி மட்டும்தான் இருந்தது. மணி அடித்தது.

தாளாளர் அறையில் மின்விசிறி கறகறவென்று ஓடியது. அண்ணனும் வந்து கதவோரம் நின்றுகொண்டான். தங்கத்துரை சோடா வரவழைத்துக் கொடுத்தார், கொடுத்துவிட்டு ஒரு வாழ்த்துரை அளவுக்குப் புகழ்ந்தார், "அறிவுக்குக் குறைச்சலே இல்லம்மா, அப்படி ஒரு ஞானம், எங்க மெர்சி மேடமே அசந்துட்டாங்க" என்றார், கேள்வித்தாள் தயாரிக்கிறது, விடைத்தாள் திருத்துகிறது, ஆண்டு மலருக்கு எழுதுகிறது, இப்படி ஏகப்பட்ட வேலை கிடக்கிறது என்றார். "பின்பக்கம் தனி ரூம் இருக்கு, ஏசி போட்டிருக்கு. யாரும் ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. ஒரு வார்த்த பேசவேண்டாம், டீச்சர் சம்பளமே தந்துருதோம்." இசக்கிராஜ் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "ரொம்ப நல்லது சார், அது போதும் சார்" என்றான். பகவதி சோடாவைக் கீழே வைத்தாள். அந்த அறையை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள், ஏசி குளிர, மேஜையில் தாள் அடுக்கியிருக்க, கதவு சாத்தியிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்த, இந்தப் பக்கம் இவள் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்க, ஜெராக்ஸ் கடைக்கு ஏசி வைத்தது மாதிரி. "எனக்குக் கி, கி, கிளாஸ்தான் சார் வேணும்" என்றாள். மெர்சி மேடம் ஜன்னலைப் பார்த்தார். தங்கத்துரை சிரித்தார், சிரித்துக்கொண்டே மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். "சரிம்மா, பாப்போம். கலந்து பேசிட்டு அண்ணன்கிட்ட சொல்லி அனுப்புதோம்."

அண்ணனிடம் சொல்லி அனுப்புவது. அவளுக்குத் தெரியாததா. எத்தனை பள்ளிக்கூடம் அண்ணனிடம் சொல்லி அனுப்பியாச்சு, அண்ணன் அதை வீட்டில் வந்து சொல்லும்போது மாற்றி மெழுகிப் பூசிச் சொல்வான், இந்த வருஷம் இடம் இல்லையாம், அடுத்த வருஷம் கூப்பிடுவாங்களாம் என்பான், எந்த ஒரு மனுஷனும் இவளைப் பார்த்து இதுதான் காரணம் என்று சொன்னதில்லை. சொன்னால் திருப்பிச் சொல்ல அவளிடம் ஆயிரம் இருக்கிறது. "அண்ணங்கிட்ட வேண்டாம் சார்" என்றாள். "எங்கிட்டயே சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. கிளாஸ் உண்டா, இல்லையா. இல்லன்னா எதுக்கு இல்லன்னும் சொல்லிருங்க." "அதாவதும்மா" என்று ஆரம்பித்தார் தங்கத்துரை. "இப்ப நீங்க… வந்து… பிள்ளைகளுக்கு… அது என்னன்னா…" அப்படியே நின்றது. முகம் சிவந்தது, கை மேஜைமேல் எதையோ தேடியது, வாய் ஒரு தடவை திறந்து மூடியது. அவர் நாக்கில் நிற்கிற சொல் எது என்று பகவதிக்கு நன்றாகத் தெரியும், அவள் வாயைப் பற்றி ஊரே சொல்லிவிட்ட அதே சொல். இசக்கிராஜ் பதறிப்போய், "சார் என்ன சொல்ல வாராவன்னா" என்று எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். பகவதி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவியளே சொல்லட்டும்ணே. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அவருக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.